கணக்குக்கு எதிரே காலியிடம்

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஏழாவது ஆசிரியர் போய்விட்டு வந்த பிறகுதான் கணக்கு சார் எழுந்தார். முதல் ஆளாகப் போனால் ஆசை தெரிந்துவிடும். கடைசியாகப் போனால் பயம் தெரிந்துவிடும். எட்டாவது என்பது இருபத்திரண்டு வருட அனுபவத்தில் அவர் கண்டுபிடித்த பத்திரமான எண். "குழாய் ஒழுகுதான்னு பாத்துட்டு வரேன்" என்று யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

அந்தக் குழாய் ஒருநாளும் ஒழுகியதில்லை. பள்ளி திறக்கும் முதல் நாள் மதிய இடைவேளையில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தொட்டியின் பின்சுவரில் ஆசிரியர்களுக்கெல்லாம் புதுப் பட்டப்பெயர் எழுதிவைப்பார்கள். எழுதியதாகப் பிள்ளைகள் ஒப்புக்கொள்வதில்லை. பார்த்ததாக ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்ததில் பெஞ்சுகளில் விரல் கனத்துக்குத் தூசி, மணியில் துரு. வழக்கம் மட்டும் துருப்பிடிக்கவில்லை.

தலைமையாசிரியை: பூட்டு. விளையாட்டு சார்: நீராவி. தமிழ் டீச்சர்: வானொலி. கணக்கு சார் என்று எழுதி, எதிரே ஒன்றுமில்லை.

போன தடவை 'கோணமானி'. தலையைச் சாய்த்துப் பேசுவாராம். ஸ்டாஃப் ரூமில் சீறிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கண்ணாடிமுன் தலையைச் சாய்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர் அவர்.

வானொலி அவர் மனைவி. அதுதான் வயிற்றெரிச்சலுக்கு மேல் வயிற்றெரிச்சல். பள்ளி மூடியிருந்த நாளெல்லாம் அவள் பாடங்களைக் குரலில் பதிந்து பிள்ளைகளின் போன்களுக்கு அனுப்பினாள். ஃபேனை அணைப்பதும், தும்மலை அடக்குவதும் அவருடைய பங்கு. ஒரே ஒரு நாள் அவரும் துணிந்தார். நாற்பது நிமிடம் வட்டத்தை விளக்கி முடித்த பிறகு, "என்னங்க, பதிவு பட்டனை அமுக்கவே இல்லையே" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். சிரித்திருந்தால் மன்னித்திருப்பார்.

இன்று காலை வாசலில் பிள்ளைகள் அவளைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோல் மொய்த்தார்கள். "டீச்சர், உங்க குரல் போன்ல இன்னும் நல்லா இருந்துச்சு!" "போடி வாயாடி!" அவருக்கு ஆளுக்கொரு 'வணக்கம் சார்', விளக்குக் கம்பத்தைத் தாண்டிப்போகிற மாதிரி.

மாலையில் எல்லோரும் போனபின் ஒரு சுண்ணக்கட்டியோடு சுவர்ப் பக்கம் திரும்பி வந்தார். 'கோணமானி' என்றே எழுதியிருக்கலாம். ஆனால் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும்போது கஞ்சத்தனம் எதற்கு? இடது கையால், கோணல்மாணலாக, 'சிங்கம்' என்று எழுதினார். கைகளைத் தட்டிக்கொண்டு பூனைபோல் வெளியேறினார்.

மறுநாள் காலை இரண்டாவது ஆளாகவே போனார். சிங்கத்தைச் சுற்றிச் சிவப்புச் சுண்ணக்கட்டியில் பெரிய வட்டம். பக்கத்தில், அவர் ஒவ்வொரு விடைத்தாளிலும் எழுதுகிற அதே வாசகம்: 'வழிமுறை எங்கே?' அதன் கீழே, முயற்சிக்காக அவர் எப்போதும் போடும் மதிப்பெண்: ½.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று உற்றுப் பார்த்தார். சிங்கத்தின் அடியில் இரண்டு கோடுகள், ஸ்கேல் வைத்தாற்போல் நேராக. விடை எழுதினால் அடிக்கோடு இரண்டு போடவேண்டும் என்று சொல்லிச் சொல்லி, இடது கைக்கும் பழகிப்போயிருந்தது.

"என்னங்க, குழாய் ஒழுகுதா?"

மனைவி. சட்டென்று திரும்பிச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டார். "இல்ல, நல்லாத்தான் இருக்கு. நீ போ, மணி அடிக்கப்போறான்."

"உங்களுக்கு என்ன பேரு வச்சிருக்காங்க?"

"யாரு பாத்தா? எனக்கு வேற வேல இல்லையா?"

"உங்களுக்கு என்ன பேரு வைக்கலாம்னு என்கிட்டதான் வந்து கேட்டாங்க. நான் சொல்ல மாட்டேன், நீங்களே யோசிங்கன்னுட்டேன். அதான் காலியா இருந்திருக்கும்."

பார்த்திருக்கிறாள்! தலையைச் சாய்த்துக்கொண்டு பத்தாம் வகுப்பை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். அவர் வெள்ளைச் சட்டையின் முதுகில், இடம் வலமாகத் திரும்பிப்போய், ஒரு சிவப்பு ½. தட்டிவிட இரண்டெட்டு வைத்து அவள் கையை நீட்டினாள். பிறகு மடக்கிக்கொண்டாள். அவர் வகுப்புக்குள் நுழைந்து, வணக்கத்தை வாங்கிக்கொண்டு, வட்டம் வரையக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.