தண்ணி டேங்க் ஸ்டாப்

கண்டக்டருக்குத் தாகம் எடுத்தால் டிப்போவிலிருந்து கிளம்பித்தான் ஆகவேண்டும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, விளங்குகிற இடது கையால் கைப்பிடியை இரண்டு தட்டு தட்டுவார். பிறகு, “டிப்போ… கோர்ட்டு… பழைய பாலம்… மார்க்கெட்…” என்று ஒவ்வொரு ஸ்டாப்பாக நின்று நின்று வந்து, ஒருவழியாக “தண்ணி டேங்க்” என்பார். அவர் மனைவி டம்ளரோடு பக்கத்திலேயே நிற்பாள். தண்ணி என்ற சொல் விழவேண்டியதுதான், டம்ளர் அவர் வாயருகே போய்விடும். டேங்க் யாருக்கு வேண்டும், அது கிடக்கட்டும்.

ஒரு காலத்தில் அந்த மனுஷருக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். பஸ்ஸில் பேசியது போதாதென்று வீட்டுக்கு வந்தும் பேசுவார். எல்லையில் சண்டை தொடங்கிய புதிதில் வண்டி முகப்பில் கொடி கட்டினார். சீருடைப் பையன்கள் ஏறினால் டிக்கெட் கிழிக்க மாட்டார். “மூணே மாசம், முடிச்சிட்டு வந்துருவாங்க பாருங்க” என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொல்வார். அவளும்தான் வாசலில் நின்று கை தட்டினாள். யார்தான் தட்டவில்லை? சண்டை அதுபாட்டுக்கு வருஷக்கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது. அவருக்குத்தான் ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது வாய் கோணி, வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போயிற்று. “கொஞ்ச நேரம் அந்த ரேடியோவ அணைங்களேன்” என்று எத்தனை தடவை எரிந்து விழுந்திருப்பாள்! இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பஸ் ரூட்டை வைத்து அவரைப் பேச வைத்தவள், நடந்துபோகும் தூரத்திலிருந்த அரசு ஆஸ்பத்திரியின் பேச்சுப் பயிற்சிக்காரப் பெண். மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு கட்டுப் படம். பூனைப் படத்தைக் காட்டினால் அழுதார். கிழமை கேட்டால் “ஆ… ஆ…” என்றார். “ஐயா என்ன வேலை பாத்தாங்க?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள், மேஜையை இரண்டு தட்டு தட்டி, “போலாம் ரைட்!” என்றாள். அவ்வளவுதான், டிப்போவிலிருந்து மில் கேட் வரை கடகடவென்று கொட்டிவிட்டார். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

“வரிசையா வர்றதுக்கு மூளையில தனி வழிம்மா. அது அடைபடல” என்றாள் அந்தப் பெண். “அடுத்த வாரத்துலேருந்து ஒவ்வொரு வார்த்தையா கழட்டி எடுப்போம். மொதல்ல தண்ணி. அப்புறம் உங்களக் கூப்பிட வைக்கிறேன், பாருங்க.”

அடுத்த வாரம் அறையில் பூட்டுத் தொங்கியது. படக்கட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அந்தப் பெண் வராந்தாவில் இவர்களுக்காகவே காத்திருந்தாள்.

“எங்க பிரிவையே எடுத்துட்டாங்கம்மா. சண்டைச் செலவுக்கு மிச்சம் புடிக்கிறாங்களாம். பேசலைன்னா உசுரா போயிடும்னு கேக்குறாங்க.”

“போகாதுதான்” என்றாள் இவள்.

“நான் ஊருக்குப் போறேன். அந்த வரிசைய மட்டும் கலையாம பாத்துக்குங்கம்மா.”

பார்த்துக்கொண்டாள். ஆனால் ஆசை யாரை விட்டது? தண்ணியை மட்டும் தானே கழற்றி எடுத்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. நிஜமான பஸ்ஸில் கூட்டிப்போய், நிஜமான தண்ணி டேங்க் கண்ணில் படும்போது வாயில் தண்ணீரை ஊற்றினால் சொல் தனியாக ஒட்டிக்கொள்ளாதா? சட்டையை மாற்றிவிட்டு, தலை வாரி, பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

டிரைவர் அவரோடு பழகிய ஆள். “அண்ணே! வாங்கண்ணே!” என்று இறங்கி வந்து, கைத்தாங்கலாக ஏற்றி, கண்டக்டர் சீட்டிலேயே உட்கார வைத்தான். இப்போதிருந்த கண்டக்டர் சிரித்துக்கொண்டே நின்றபடி டிக்கெட் போட்டான். அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! ஸ்டாப் வருவதற்கு முன்பே “கோர்ட்டு” என்றார். “பழைய பாலம்” என்றார், கம்பியைத் தட்டினார். மார்க்கெட் தாண்டட்டும் என்று அவள் பாட்டில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

மார்க்கெட்டில் வண்டி ஓரம்கட்டியது. இன்ஜினை அணைத்துவிட்டு டிரைவர் வழக்கம்போலக் கத்தினான்: “கடைசி ஸ்டாப்! எல்லாரும் எறங்குங்க!”

“என்னப்பா, தண்ணி டேங்க் போகாதா?”

“போன வாரத்தோட நிறுத்தியாச்சு அண்ணி. எல்லைக்கு ஆளேத்திட்டுப் போகப் பாதி வண்டிய எடுத்துக்கிட்டாங்க. டீசலும் அங்கதான் போவுது.”

கண்டக்டர் டிரைவரைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மார்க்கெட்டைப் பார்த்தார். “இன்னும் இருக்குங்க, மேல சொல்லுங்க” என்று அவள் தோளைத் தொட்டுக் கெஞ்சினாள். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். டிரைவர் கடைசி ஸ்டாப் என்றால் கடைசி ஸ்டாப்தான். நடந்தே கூட்டிப்போய் டேங்க்கைக் காட்டலாமென்றால், அந்தக் காலுக்கு ஆகிற தூரமா அது? திறந்த பாட்டிலை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, அதே பஸ்ஸில் வீடு திரும்பினாள்.

சாயங்காலம் அவர் நாற்காலிக் கையைத் தட்டினார். அவள் டம்ளரோடு ஓடிவந்தாள்.

“டிப்போ… கோர்ட்டு… பழைய பாலம்… மார்க்கெட்…” என்றார். நின்றார். பிறகு, பழைய குரலில், கணீரென்று, “எறங்குங்க” என்றார்.

எத்தனை நாளைக்குப் பிறகு ஒரு புதுச் சொல்! ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷத்தில் உடம்பே சிலிர்த்துவிட்டது. அடுத்த கணம்தான் உறைத்தது. அவர் உதட்டை நக்கிக்கொண்டு, முடிந்தது என்பதுபோலக் கையை மடியில் வைத்துக்கொண்டார். ஐயோ, போகாத பஸ்ஸில் கொண்டுபோய் ஏற்றிவிட்டேனே! மனசு கேட்காமல் முதலில் குடிக்க வைத்தாள். மடமடவென்று குடித்தார். அவ்வளவு தாகம்.

மறுபடி டம்ளரை நிரப்பிக்கொண்டு வந்தாள். ஸ்டூலை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டு, பிரயாணிபோல உட்கார்ந்துகொண்டாள்.

“எறங்க மாட்டேங்க. நான் தண்ணி டேங்க் போவணும்.”

டம்ளரின் விளிம்பில் ஸ்பூனால் இரண்டு தட்டு தட்டினாள். “போலாம் ரைட்.”

கண்டக்டர் மெல்லத் திரும்பி, கடைசி ஸ்டாப் வந்த பிறகும் எழுந்திருக்காத அந்தப் பிரயாணியைப் பார்த்தார். அவள் இன்னொரு தரம் தட்டினாள். தண்ணீர் தளும்பி அவள் விரல்களில் வழிந்தது.