விழுங்கிய பிறகு வருவது

என் புருஷனின் சிநேகிதன் பெர்சியை அடக்கம் செய்துவிட்டு வந்த பிற்பகலில், ஊர்க்கூடத்து ஜன்னல் விளிம்பில் வரிசையாக நின்ற தம்ளர்களை நான்தான் முதலில் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே ஒரு வாய்தான் குறைந்திருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் சாண்ட்விச்சை ஒரு கை பார்த்திருந்தார்கள். பெர்சியின் மனைவி ஐவி செய்த கேக்கில் துணுக்குகூட மிச்சமில்லை. என் புருஷன் கிளெம் ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துத் தன் கையால் செய்து கொண்டுவந்த சைடர் மட்டும் சீந்துவாரில்லாமல் நின்றது. ஆப்பிள் விளைகிற ஊர் இது. சும்மா கிடைக்கிற சைடரை மிச்சம் வைக்கிற ஆம்பளையை இங்கே நான் கண்டதே கிடையாது.

எங்கள் கார் வாங்கிய நாளிலிருந்து மழையில்தான் நிற்கிறது. கார் ஷெட்டில் குடியிருப்பது கிளெமின் பீரும் சைடரும். இலையுதிர்காலம் வந்தால் ஆப்பிளை நசுக்குவான், குளிர் முடிவதற்குள் பீர் காய்ச்சுவான். வீடு முழுக்க ஈஸ்ட் வாடை அடிக்கும். நானோ சபைக்காரி. வேல்ஸ் பக்கத்து ஓய்வுநாள் பள்ளியில், எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதிலேயே, சாராய வகை எதையும் நாக்கில் வைக்கமாட்டேன் என்று அட்டையில் பெயரெழுதிக் கொடுத்தவள். அவன் குடியும் என் சத்தியமும் ஒரே கூரைக்குக் கீழே பெரிய சண்டையில்லாமல் காலம் தள்ளின. ஒருமுறை தங்கை வீட்டில், பிராந்தி ஊற்றிய புட்டிங் என்று தெரியாமல் தின்றுவிட்டு வந்தேன். வாசலில் நான் கோட்டைக் கழற்றுவதற்குள், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, “யார்டி உனக்கு ஊத்திக் குடுத்தது?” என்று கேட்டான். அப்படிப்பட்ட மூக்கு. இந்தச் சுற்றுவட்டாரத்தில் வீட்டில் காய்ச்சுகிற எவனுக்கு என்ன சந்தேகம் வந்தாலும் புட்டியைத் தூக்கிக்கொண்டு இவனிடம்தான் வருவான்.

போன குளிர்காலத்துக் காய்ச்சல் அந்த மூக்கைக் கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் இறங்கியது, வாசனையும் ருசியும் திரும்பவில்லை. ரொட்டி கருகிப் புகைந்துகொண்டிருக்க, பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிளெம் அதை என்னிடமும் பெர்சியிடமும் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மூக்குப் போன கிளெமை எவன் தேடி வருவான்? அதுதான் அவன் பயம். அதன்பின் பெர்சிதான் அவனுக்கு நாக்கு. ஷெட்டில் இருவரும் உட்கார்ந்து, பெர்சி குடித்துவிட்டுக் காதோடு சொல்ல, கிளெம் அதைத் தன் தீர்ப்பு மாதிரி ஊருக்குச் சொல்வான். பிறகு பெர்சிக்கு நுரையீரல் கெட்டது. படுக்கையை விட்டு எழவே இல்லை. கடைசியாக அவர்கள் சேர்ந்து பிழிந்தது பெர்சி வீட்டு மரத்து ஆப்பிள். “என் சாவுக்கு என் மரத்துச் சரக்குதான் ஊத்தணும். கடைச்சரக்கு வாங்கி என்னை அசிங்கப்படுத்தாதே” என்று பெர்சி சிரித்துக்கொண்டே சொன்னானாம்.

ஒருநாள் கிளெம் ஒரு தம்ளரோடு சமையலறைக்கு வந்து நின்றான். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

“மோந்து மட்டும் பாரு நெஸ்டா. உன் சத்தியத்துக்கு ஒண்ணும் ஆகாது.”

“ஊரெல்லாம் உன் மூக்கைத் தேடி வருது. நீ என் மூக்கைத் தேடி வர்றியா கெழவா?”

“வேற எங்க போவேன்?”

மோந்தேன். வினிகர் நெடி சுருக்கென்று அடித்தது. அப்படியே சொன்னேன். அந்த ஜாடியைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டு வந்து, “இத்தனை வருஷமா வீட்டுக்குள்ளயே ஒரு மூக்கை சும்மா வச்சிருந்திருக்கேன் பாரு” என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை, பொய் சொல்வானேன். அதன்பின் அழுகின முட்டை நாற்றமடித்த பீர் ஒன்றையும் பிடித்துக் கொடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் எட்டிப் பார்க்காத ஷெட்டில் எனக்கென்று ஒரு முக்காலி போட்டான். பெர்சி செத்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். சொல்லக் கூசுகிறது.

பெர்சி மரத்து ஜாடியைத் திறந்த அன்று மட்டும் கிளெம் கொஞ்சம் தயங்கினான். மோந்து பார்த்தேன். ஆப்பிள் தோட்டத்தில் மழை விட்டபின் வருகிற மணம். நல்லா இருக்கு என்றேன்.

“இதுல மட்டும் ஒரு வாய் குடிச்சுப் பாரேன்” என்றான். “சில கோளாறு மூக்குக்கு வராது. விழுங்கினப்புறம் மெல்ல வரும். எலின்னு சொல்லுவோம்.”

“இந்த வயசுல என்னைக் குடிகாரி ஆக்கப் பாக்கறியா? நல்லா இருக்குன்னா நல்லா இருக்கு. கொண்டு போ.”

தம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டான். வேறு யாரிடமாவது குடிக்கக் கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். “நீ சொன்னாச் சரி” என்று ஜாடியை மூடினான்.

அந்தச் சைடர்தான் இப்போது ஜன்னல் விளிம்பில் நின்றது. தட்டில் தம்ளர்களை அடுக்கிக்கொண்டு பின்பக்கச் சமையலறைக்குப் போனேன். ஜன்னலுக்கு வெளியே, ரோஜாப் பாத்தியில் ரெக் தன் தம்ளரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். போன மாதம்தான் தன் பீரைக் கிளெமிடம் தூக்கிக்கொண்டு வந்தவன்.

“முழுக்க எலி” என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான். “கிளெமுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?”

“சும்மா இருடா. இன்னைக்கு அதைப் பேசாதே.”

“பேசல. ஆனா கிளெம் இதை ஊத்தமாட்டானே.”

குழாயைத் திறந்து ஒவ்வொரு தம்ளராகக் கொட்டினேன். கடைசித் தம்ளரைக் கொட்டக் கை வரவில்லை. மறுபடி மோந்து பார்த்தேன். அதே மணம்தான். அப்படியே வாயில் ஊற்றி விழுங்கினேன்.

முதலில் குளிர்ச்சி, அப்புறம் லேசான புளிப்பு, அடியில் ஒரு தித்திப்பு. இதுக்கா இத்தனை காலம் பயந்தேன் என்றுகூடத் தோன்றியது. ரெக் தண்டப்பேச்சு பேசுகிறான், என் மூக்கு சொன்னதுதான் சரி என்று நினைத்து முடிப்பதற்குள் தொண்டைக்கு மேலே, நாக்கின் அடிவேரில் அது எழும்பி வந்தது. கழுவாத எலிக்கூண்டில் நனைந்து கிடக்கிற மரத்தூள். தண்ணீர் குடித்தேன், கொப்புளித்தேன், போகவில்லை. வெளியே இருப்பவர்கள் எல்லோரும் இதை வாயில் வைத்துக்கொண்டுதான் கிளெமிடம் கைகுலுக்கி, நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றே ஒரு வாய் குடித்திருந்தால் இது என்னோடு போயிருக்கும். அழுகை வந்தது. பெர்சிக்காக அழுகிறேன் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

கதவைத் தள்ளிக்கொண்டு கிளெம் வந்தான். காலி ஜாடியை மார்போடு அணைத்திருந்தான். கண் சிவந்திருந்தாலும் முகம் தெளிவாக இருந்தது.

“ஐவி ரெண்டாவது தம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சா, பாத்தியா? அவன் மரமாச்சே. மத்ததெல்லாம் தீந்துடுச்சா?”

தொட்டியில் நுரை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டேன்.

“தீந்துடுச்சு.”

“ஏண்டி அழற?” என்று ஜாடியை வைத்துவிட்டுக் கிட்டே வந்தான். நான் சுவரோடு ஒண்டினேன். வாயை இறுக மூடி மூச்சை அடக்கிக்கொண்டேன். வாசலில் கோட்டைக் கழற்றும்போதே கண்டுபிடித்தவன், இத்தனை பக்கத்தில் விடுவானா? என் கன்னத்தைக் கட்டைவிரலால் துடைத்தான். குனிந்து வாயோரத்தில் முத்தமிட்டான். அவன் மூக்கு என் உதட்டில் இடித்தது.

“ஒரு வாய் டீயாவது குடிச்சியா நீ?” என்று கேட்டான்.

அந்த மூக்குதான் போய்விட்டதே என்று அப்போதுதான் நினைவு வந்தது. அடக்கிவைத்த மூச்சை அவன் முகத்துக்கு நேராகவே விட்டேன். அவன் கண் சிமிட்டக்கூட இல்லை. துடைக்கிற துணியை எடுத்துத் தம்ளர்களை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்த தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், பிறகு பழக்கதோஷத்தில் மூக்குக்குக் கீழே கொண்டுபோய்க் கொஞ்சநேரம் வைத்திருந்தான்.