கடைசியாகத் தொட்டவர்

அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். முறைப்படி பார்த்தால் ஒரே ஒருவனுக்குத்தான் அண்ணி, அவள் கணவரின் தம்பி சின்னவனுக்கு. ஆனால் அவன் வேலையில் சேர்ந்த முதல் நாளே மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் "அண்ணி, ஒரு சந்தேகம்" என்று வாயைத் திறந்துவிட்டான். அன்றிலிருந்து சம்பளக் கணக்குப் பார்க்கிற பெரியவர்கூட அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறார். அவருக்கு அவளைவிட இரண்டு மடங்கு வயது. குழுத் தலைவி என்று அவள் கார்டில் அச்சடித்திருப்பதைப் படித்தவர் யாரும் இல்லை.

கார் நிறுத்துமிடங்களில் வாசலை மறித்து ஒரு கம்பி நிற்கும் இல்லையா, சீட்டு எடுத்தால் மேலே எழும்புமே, அதை எழும்ப வைக்கிற புரோகிராமை எழுதுவதுதான் அவர்கள் பிழைப்பு. எழுதி வைத்ததைக் 'கோடு' என்பார்கள். புரோகிராம் எழுதும்போது சில வரிகளை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி எழுத வேண்டும், எந்த வரி எதற்குள் அடக்கம் என்று கண்ணுக்குத் தெரிவதற்காக. தள்ளுவதற்கு இரண்டு வழி. டேப் பட்டனை ஒரு தட்டு தட்டலாம், இல்லையென்றால் ஸ்பேஸ் பட்டனை நாலு தட்டு தட்டலாம். பார்க்கிறவருக்கு இரண்டுமே வெறும் வெள்ளை. உலகத்தில் சண்டை போட எத்தனையோ நல்ல விஷயங்கள் இருக்கும்போது, இந்த வெள்ளைக்காகப் படித்த மனுஷர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். நம்பித்தான் ஆக வேண்டும்.

அண்ணி டேப் கட்சி. "டேப்னா அவங்கவங்க திரையில எவ்வளவு அகலம் வேணுமோ வெச்சுக்கலாம். என் கண்ணு, என் இஷ்டம்" என்பாள். சின்னவன் ஸ்பேஸ் கட்சி. "எல்லார் திரையிலயும் ஒரே மாதிரி தெரியணும் அண்ணி. ஆளுக்கு ஒரு அகலம்னா அது கோடா, சந்தைக் கடையா?" என்பான். இருவரும் எழுதுவது ஒரே கோடில் என்பதால் ஒரு பக்கம் டேப், ஒரு பக்கம் ஸ்பேஸ் என்று அது கோணல்மாணலாகக் கிடந்தது. ஓட்டெடுப்பு வைத்தார்கள். சரிபாதியாக நின்றது. மீதி இருந்த ஒரே ஓட்டு டெஸ்டிங் மேடத்துடையது. வயதில் எல்லாருக்கும் இளையவள், ஆனால் யார் எழுதினாலும் "இது ஓடாது" என்று திருப்பி அனுப்புகிற தோரணையால் மேடம் ஆனவள். "எதுல எழுதினாலும் தப்பாத்தானே எழுதுறீங்க, எனக்கென்ன வந்தது" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

சண்டை அலுவலகத்தோடு நின்றதா? அதுதான் இல்லை. சின்னவன் குடியிருந்தது அண்ணன் வீட்டுப் பின்னறையில். சாப்பாட்டு மேஜையிலும் அதே வழக்கு. அண்ணியின் கணவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தே காலம் தள்ளியவருக்கு இது ஒரு சத்தமே இல்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அந்த வீட்டில் அப்போது உண்மையில் முக்கியமாக இருந்தது வேறு. அண்ணியின் பெண் இதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. கூட்டிப்போகிறேன் என்று அண்ணி சொல்வதும், ஆபீஸ் வேலை வந்து குறுக்கே நிற்பதும், பெண் அழுது ஓய்வதும் வாடிக்கையாகிவிட்டது. இந்த முறை கணவர் கேட்காமலே கடற்கரையில் அறை போட்டுவிட்டார். "நீ வந்தாலும் சரி, வரலைன்னாலும் சரி, நாங்க கிளம்புறோம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னதுதான் அண்ணிக்குப் பயமாக இருந்தது. பெண் முதல்முதலாக அலையைப் பார்க்கும்போது தான் பக்கத்தில் இல்லாமல் போய்விடுவோமோ என்ற நினைப்பு அவளை விடவில்லை.

லீவு எடுப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். கஷ்டத்தை உண்டாக்கி வைத்ததே அண்ணிதான். அந்தக் கோடின் ஒவ்வொரு வரிக்கும் அதைக் கடைசியாகத் தொட்டது யார் என்று மெஷின் ஞாபகம் வைத்திருக்கும். எங்காவது கம்பி மக்கர் செய்தால், கோளாறான வரியைக் கடைசியாகத் தொட்டவர் பேருக்கு மெஷினே டிக்கெட் போட்டுவிடும், அதாவது 'இதை நீ சரிசெய்' என்று ஒரு புகார். டிக்கெட் பாக்கி இருக்கிறவருக்கு லீவு கிடையாது. இது அண்ணி கொண்டுவந்த சட்டம். "நான் எழுதினது இல்லை, ஒரு புள்ளியைத்தான் மாத்தினேன்" என்று யாராவது இழுத்தால், "கடைசியாத் தொட்டது யாரு? நீதானே? அப்ப நீதான்" என்று முடித்துவிடுவாள். சின்னவன் நண்பர்களோடு மலையேறப் போக லீவு கேட்டபோதும் இதே பதில்தான். அவன் அந்த மலையை நண்பர்கள் அனுப்பிய படத்தில் பார்த்தான்.

இப்படி இருக்கையில் சின்னவனுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க நேர்ந்தது. அவன் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில் அண்ணிக்கு இங்கே கை துறுதுறுத்தது. சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினாள். மொத்தக் கோடிலும் வரி வரியாக நுழைந்து, ஸ்பேஸ்களைத் துடைத்து டேப்பாக மாற்றி, டேப்பாக இருந்ததையும் ஒழுங்காக்கித் திரும்பவும் போடுகிற புரோகிராம். சுற்றும்முற்றும் பார்த்தாள். டெஸ்டிங் மேடம் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தாள். அண்ணி பட்டனைத் தட்டினாள். என்ன மாற்றம் என்று எழுத வேண்டிய இடத்தில் 'சிறு ஒழுங்கு' என்று மட்டும் எழுதினாள். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்தவள் கொழுந்தனை விழுந்து விழுந்து கவனித்தாள். சூப் வைத்துக் கொடுத்தாள், தலையணையைத் தட்டிப் போட்டாள். சின்னவன் வீங்கிய கன்னத்தோடு அவளை ஏற இறங்கப் பார்த்தான். அண்ணி சும்மா சூப் வைக்கிற ஆள் இல்லை என்று அவனுக்குத் தெரியாதா? போனை எடுத்து ஆபீஸ் கோடைத் திறந்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று அண்ணி காத்திருந்தாள். வெடிக்கவில்லை. வலியோடு வலியாக, ஒரு பக்கக் கன்னத்தால் மட்டும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அண்ணிக்குப் பிடிக்கவே இல்லை.

வேலைக்குத் திரும்பியவன், "ரொம்ப நல்லா இருக்கு அண்ணி. எல்லா வரியிலயும் உங்க கைபட்ட மாதிரி இருக்கு" என்றான். அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை.

அந்த வாரம்தான் ஒரு பெரிய வணிக வளாகம் இவர்கள் கம்பிகளை வாங்கிப் போட்டிருந்தது. முதல் டிக்கெட் வந்தது: மழை பெய்தால் கம்பி தானே எழுந்து நிற்கிறது. அண்ணி பேருக்கு. அடுத்தது: சீட்டில் நாளைய தேதி அச்சாகிறது. அண்ணி பேருக்கு. அதற்கடுத்தது: ஒரு கிழவரின் காரை உள்ளே விட்ட கம்பி வெளியே விட மாட்டேன் என்கிறது, அவர் காருக்குள் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருக்கிறார். அதுவும் அண்ணி பேருக்கே. யாரோ எழுதி வைத்துவிட்டு வேலையை விட்டே போன வரிகள், அவள் ஜென்மத்தில் படித்திராத வரிகள், எல்லாவற்றையும் கடைசியாகத் தொட்ட புண்ணியவதி அவள்தானே? சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"இந்த வரி நான் எழுதினதே இல்லை" என்றாள் டெஸ்டிங் மேடத்திடம்.

"கடைசியாத் தொட்டது யாருங்க அண்ணி?" என்றாள் மேடம், ரொம்ப மரியாதையாக.

மற்றவர்கள் பேரில் ஒரு டிக்கெட்கூட இல்லை. ஆபீஸே விடுமுறை விட்ட பள்ளிக்கூடம் மாதிரி ஆனது. ஒருத்தர் ஜன்னலோரச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார், இன்னொருத்தர் நாற்காலியில் சக்கரம் போல் சுற்றினார். அண்ணி மட்டும் தலையை நிமிர்த்தாமல் கம்பிகளோடு மல்லுக்கட்டினாள். ஒன்றை முடித்தால் இரண்டு முளைத்தது. சட்டத்தைத் தூக்கிப் போட அவளுக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் அத்தனை பேர் லீவுக்கும் அதைக் காட்டித்தானே கதவைச் சாத்தினாள்? தன் முறை வந்ததும் தூக்கிப் போட்டால் எந்த முகத்தோடு மீட்டிங்கில் உட்காருவது?

கடைசியில் மானத்தை மடித்து வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் பேச்செடுத்தாள்.

"தம்பி, நீ ஜெயிச்சே. மொத்தத்தையும் ஸ்பேஸா மாத்திக்கோ."

எத்தனை வருஷமாக அவன் கேட்க ஏங்கிய வார்த்தை! சின்னவன் ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினான்.

"நானா? எதுக்கு அண்ணி? நான் மாத்தினா அத்தனை வரியும் என் பேருக்கு வந்துடுமே" என்றான். "பழகப் பழக எனக்கே டேப் பிடிச்சுப்போச்சு. என்ன அகலம், என்ன அழகு!"

அண்ணி கையில் இருந்த கரண்டியை மேஜையில் வைத்தாள். வைக்காமல் இருந்திருந்தால் அது பறந்திருக்கும்.

மறுநாள் அவள் மேஜைக்கு ஒரு லீவு விண்ணப்பம் வந்தது. சின்னவனுடையது. காரணம் என்ற இடத்தில் 'கடல்' என்று எழுதியிருந்தான். விஷயம் இதுதான்: இவளால் வர முடியாது என்று தெரிந்ததும் கணவர் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார். "சீட் காலியாத்தான் போகுது, நீயாவது வாடா." சின்னவன் பேரில் டிக்கெட் ஒன்றும் இல்லை. அண்ணி தன் கையாலேயே கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. போட்டாள். பேனா தாளைக் கிழிக்காமல் இருந்தது பெரிய விஷயம்.

கிளம்புகிற காலை. வாசலில் கணவர் டிக்கியில் பைகளை அடுக்கினார். சின்னவன் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, அண்ணி என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுக்கப் பத்துப் பதில்களைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றான். அண்ணி ஆபீஸ் பையைத் தோளில் போட்டபடி வெளியே வந்தாள். பெண்ணின் தொப்பியைச் சரிசெய்தாள். பெண் அவள் முகத்தைப் பார்க்காமல் காருக்குள் ஏறிக்கொண்டாள். அண்ணி சின்னவன் பக்கம் திரும்பினாள். அவன் தயாரானான்.

"அவளுக்குத் தண்ணிச் சத்தம்னா கொஞ்சம் பயம்" என்றாள் அண்ணி. "எடுத்த உடனே உள்ளே இழுத்துட்டுப் போயிடாதே. முதல்ல பாதம் மட்டும் நனையட்டும். சிரிச்சாள்னா அடுத்த அடி வெக்கலாம். கையை மட்டும் விட்டுடாதே, என்ன?"

அதில் குத்தலும் இல்லை, கிண்டலும் இல்லை. தயாராக வைத்திருந்த பத்துப் பதிலில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. சின்னவன் கண்ணாடியைக் கழற்றினான். காரைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான்.

"ச்சே" என்றான். "லேப்டாப்பைக் குடுங்க அண்ணி."

"எதுக்கு?"

"குடுங்கன்னா குடுங்க."

கார் முன்பக்கத்தின்மேல் லேப்டாப்பை வைத்து ஒரே ஒரு வரி தட்டினான். அவ்வளவுதான். அண்ணி எட்டிப் பார்த்தாள். திரையில் அவள் பேர் வரி வரியாக உதிர்ந்து, பழைய பேர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தன. டேப் டேப்பாகவே இருந்தது. டிக்கெட்கள் ஒவ்வொன்றாக அவளைவிட்டு நகர்ந்து, முக்காலே மூணு வீசமும் ஒரே ஆள் பேரில் போய்க் குவிந்தன. கம்பியை எழுப்புகிற பகுதியை ஆதியில் எழுதியது சின்னவன்தான்.

"என்னடா செஞ்சே?"

"யார் தொட்டதுன்னு பார்க்கிறப்போ, இந்த ஒரு மாத்தத்தை மட்டும் கண்டுக்காதேன்னு மெஷின்கிட்ட சொன்னேன். அதுக்குன்னு ஒரு வழி இருக்கு."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

சின்னவன் அசடு வழிந்தான். "பல் பிடுங்கின அன்னைக்கே."

அண்ணி கையில் அகப்பட்டது கணவரின் பனாமாத் தொப்பி. அதாலேயே அவன் முதுகில் சாத்தினாள். அவன் தடுக்கவில்லை. நாலைந்து அடி வாங்கிக்கொண்டே டிக்கியைத் திறந்து தன் பையை இறக்கினான். அடிக்கிற கை தானாக நின்றது. இவன் பேசாமல் இருந்திருந்தால் இந்நேரம் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பான், இனி மழையில் எழும்புகிற கம்பிகளோடு இவன்தான் அழ வேண்டும் என்பது அவளுக்கு அப்போது உறைத்தது. கண் கலங்கியது. நன்றி சொல்கிற பழக்கம் அவர்கள் இருவருக்கும் கிடையாது.

"யாராவது ஒருத்தர் ஏறுங்க, வண்டியை எடுக்கணும்" என்றார் கணவர்.

அண்ணி ஏறினாள். பின்சீட்டிலிருந்து ஒரு சின்னக் கை வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். தன் வாழ்நாளில் யாருக்கும் கொடுத்திராத ஒன்றைக் கொடுக்கப் போகிறவள் மாதிரி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"தம்பி, நான் திரும்பி வர்றப்போ மொத்தமும் ஸ்பேஸா இருந்தா, ஏன்னு ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். அந்த மாத்தத்தையும் கண்டுக்காதேன்னு மெஷின்கிட்ட சொல்லிடு."

சின்னவன் பையைக் கீழே வைத்தான். அவன் முகம் மலரவில்லை. மாறாக, யாரோ வாயில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி விழித்தான்.

"நீங்களே சரின்னு சொல்லிட்டா, அப்புறம் மாத்துறதுல என்ன அண்ணி ருசி இருக்கு?"