துட்டிக்குப் போன கப்பல்கள்

ராக்குவின் கோள் எரிந்துகொண்டிருந்ததைச் சுசித்ரா பல்கூட விளக்காமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுவரை திரையில் பச்சைப் பசேலென்று இருந்த உருண்டை, இன்று காலை கருகிய வடை மாதிரிக் கிடந்தது. இருள்வேந்தன் என்ற பெயரில் ஆடுகிற ஒருவன், தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியோடு ஜீப்புக்கு ஓடுகிற நேரமாகப் பார்த்து வந்து வழித்துக்கொண்டு போயிருந்தான். சுரங்கம் போச்சு, கப்பல்துறை போச்சு, ராக்கு பொத்திப் பொத்திச் சேர்த்த தானியக் கிடங்கும் போச்சு. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இவன் பிடுங்குவதற்காகவே வீட்டைக் கொளுத்துகிறவன்.

'கோளரசு' என்ற இந்த விண்வெளிப் போர் விளையாட்டைச் சுசித்ராவும் இன்னும் சிலரும் சேர்ந்துதான் உருவாக்கினார்கள். இணையத்தில் ஆடுவது. ஆடுகிறவர்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த வாலிபர்கள். அலாரம் வைத்து எழுந்து, அடுத்தவன் அசந்திருக்கும்போது அவன் கோளைக் கொள்ளையடித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார்கள். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே அடி வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். பழைய ஆட்களும் கல்யாணம், பிள்ளை என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கூட்டம் வற்றிப்போனது. சென்னை அலுவலகம் கடைசியாக ஒரு வாய்ப்பு கொடுத்தது. இதுவரை இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆட்களைச் சேர்க்க வேண்டும். இந்த வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவர்களில் பாதிப் பேருடைய கோளாவது அழியாமல் ஆட்டத்தில் இருந்தால் விளையாட்டு பிழைக்கும். இல்லாவிட்டால் சர்வரை அணைத்துவிடுவார்கள். அதுவரை சுசித்ரா ஆட்டத்துக்குள் கை வைக்கவும் கூடாது, ஆடுகிறவர்களுக்கு யோசனை சொல்லவும் கூடாது. மீறினால் சோதனையே செல்லாது.

எங்கெங்கோ ஆள் தேடி அலுத்தபிறகுதான் பக்கத்து வீட்டுப் பொன்னுமணி அவள் கண்ணில் பட்டாள். பொன்னுமணி தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். அந்த ஜீப்பில் அவளைச் சேர்த்து எட்டுப் பெண்கள். ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்து போகிற அந்த நெரிசலில் பொழுதுபோகாமல் எட்டுப் பேரும் கோள்களை ஆளத் தொடங்கினார்கள். அவர்களில் ராக்கு தன் கோளுக்குச் செத்துப்போன பசுமாட்டின் பெயரை வைத்தாள். ஒருத்திக்குத் தானியம் குறைந்தால் மற்றவள் அனுப்பினாள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஓடிப்போகவும் இல்லை. சுசித்ராவுக்கே நம்ப முடியவில்லை, யாராவது கண் வைத்துவிடுவார்களோ என்று பயமாகக்கூட இருந்தது. பயந்தபடியே கடைசி நாளில் வந்து விடிந்திருக்கிறது.

கைப்பேசி அடித்தது. பொன்னுமணிதான். ஜீப்பின் இரைச்சலுக்கு மேலே கத்தினாள்.

"சுசி, நீ பதில் பேசக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். கேட்டுக்க மட்டும் செய். ராக்குக்கு இப்பிடி ஆகிப்போச்சு. எங்கிட்ட இருக்க கப்பலு அம்புட்டையும் அவ கோளுக்கு அனுப்பிட்டேன். மத்தவளுகளும் அனுப்பிட்டாளுக. துட்டின்னா போகாம இருக்க முடியுமா? அவ இந்தா எம் பக்கத்துலதேன் மூஞ்சியத் தூக்கிவச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. இருந்தாலும் அங்கன போகணும்ல?"

 'ஒரு கப்பலையாவது காவலுக்கு நிறுத்துங்கக்கா' என்ற வார்த்தை சுசித்ராவின் நாக்குநுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"அங்க போயி என்ன பேசன்னு இவளுக கேக்குறாளுக. துட்டி வீட்டுல என்னத்தப் பேச? போயி உக்காந்தாலே..."

சிக்னல் போய்விட்டது. இனி சாயங்காலம் மலையடிவாரத்து முந்தல் பக்கம் இறங்கி வந்தால்தான் வரும்.

திரையில் ஏழு கோள்களிலிருந்தும் கப்பல்கள் கிளம்பியிருந்தன. அந்தி சாயத்தான் போய்ச் சேரும். வீட்டில் ஒரு கப்பல்கூட வைக்காமல் எல்லாவற்றையும் அனுப்புகிற மடத்தனத்தைக் கோளரசின் வரலாற்றில் யாரும் செய்ததில்லை. துட்டிக்கு, அதாவது துக்கம் கேட்க, ஆள் போயிருக்கிற வீட்டில் கை வைக்கிறவன் மனுசனே இல்லை என்பது பொன்னுமணியின் ஊர்ச் சட்டம். அந்தச் சட்டம் இருள்வேந்தனுக்கு எப்படித் தெரியும்? பதினொரு மணிவாக்கில் அவனுடைய சிவப்புக் கப்பல்கள் பொன்னுமணியின் காலிக் கோளை நோக்கிக் கிளம்பின.

கொள்ளை போனாலும் மறுபடி சம்பாதித்துக்கொள்ளலாம். சுசித்ராவை உலுக்கியது வேறொன்று. கப்பல் ஒரு கோளை அடைந்ததும் விளையாட்டு கேட்கும்: தாக்கவா, திரும்பவா? பதில் வராவிட்டால் தானாகவே தாக்கிவிடும். நிரலில் அந்த வரியை எழுதியவள் அவள்தான். ஆடுகிறவன் தூங்கிப்போனால் கப்பல் வெட்டியாக நிற்கக் கூடாதே என்று எழுதியது. சும்மா போய் நிற்பதற்காக யாராவது கப்பல் அனுப்புவார்கள் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவே இல்லை. ராக்குவின் கோள் இன்னொரு அடி தாங்காது, அடியோடு அழிந்துபோகும். துக்கம் கேட்கப் போன ஏழு பேரே அவளுடைய கதையை முடித்துவிட்டு வருவார்கள். கீழே இறங்கி, போனைத் திறந்து, ராக்குவின் முகத்தை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

மத்தியானம் போடிமெட்டுப் பக்கம் வானம் இருண்டு, மலை மறைந்தது. நான்கு மணிக்கு மேல் பொன்னுமணியின் வீட்டுக்காரர் தவசி மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தார்.

"மேல ரோட்டுல மரம் விழுந்துருச்சாம்மா. ஜீப்பு வெரசா வராது. அவ போனு போட்டா ஒரு கொரலு குடு."

கப்பல்கள் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் வந்துவிடுவார்கள் என்று அவள் பிடித்துக்கொண்டிருந்த கடைசி நம்பிக்கையும் போயிற்று. சென்னையில் இருக்கும் தன் மேலாளர் முத்துக்கண்ணனை அழைத்து, துட்டி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

அவர் முதலில் சிரித்தார். பிறகு நிதானமாகப் பேசினார்.

"சுசித்ரா, நல்லா யோசிங்க. ராக்கு ஒருத்தங்கதான் போவாங்க. ஆறு மணிக்கு ஏழு பேர் இருப்பாங்க. நமக்குப் பாதி போதும். அவங்க மலையிறங்கிப் பாக்குறதுக்குள்ள கணக்கு முடிஞ்சிரும். நாம ஜெயிச்சாச்சு. நீங்க கைய மட்டும் கட்டிக்கிட்டு உக்காருங்க."

"அதுக்கப்புறம் அவங்க எட்டுப் பேரும் போயிருவாங்க சார்."

"போகட்டுமே. வேற ஆளப் பாத்துக்கலாம். விளையாட்டு இருந்தாத்தானே ஆள் சேக்க முடியும்?"

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தும் பார்த்தாள். ஏழு வெள்ளைப் புள்ளிகள் கருகிய உருண்டையை நெருங்கிக்கொண்டிருந்தன. அப்பா செத்த அன்று இதே பொன்னுமணி வாசலில் வந்து உட்கார்ந்ததும், பொழுது சாயும்வரை ஒரு வார்த்தை பேசாததும், அவள் எழுந்து போனபிறகுதான் தனக்கு அழுகை வந்ததும் சுசித்ராவுக்கு நினைவு வந்தன. தன் இளமையில் பாதியைத் தின்ற விளையாட்டு இது. இதை இழக்க அவளுக்கு மனசே இல்லை. ஆனாலும் கட்டிய கை தானாக அவிழ்ந்தது.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. அந்தப் பழைய வரியைத் திறந்தாள். 'தாக்கு' என்று இருந்ததை அழித்துவிட்டு 'நில்' என்று எழுதினாள். அவசரத்தில் இரண்டு தரம் தப்பாக அடித்துத் திருத்தினாள்.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் முதல் வெள்ளைப் புள்ளி ராக்குவின் கோளை அடைந்தது. விளையாட்டு கேட்டது. பதில் இல்லை. கப்பல்கள் நின்றன. அடுத்தது வந்தது, அதுவும் நின்றது. ஏழும் வந்து கருகிய உருண்டையைச் சுற்றி அமைதியாக நின்றன.

"என்ன பண்ணீங்க சுசித்ரா?" மறுபடி அழைத்த முத்துக்கண்ணனின் குரல் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்டது. "இத நான் மேல சொல்லியாகணும். புரியுதா?"

"சொல்லுங்க சார்."

அவர் இணைப்பைத் துண்டித்தார். ஆறு மணி ஆகி, அதையும் கடந்து போயிற்று. சர்வரை எப்போது அணைப்பார்கள் என்று தெரியவில்லை. இருள்வேந்தனின் சிவப்புப் புள்ளி இதற்குள் பொன்னுமணியின் காலிக் கோளுக்கு வந்திருந்தது. அவன் விழித்துத்தான் இருக்கிறான். ஆனாலும் தாக்கவில்லை. பொது அரட்டையில் அவன் எழுதினான்: 'அங்க எல்லாரும் என்ன பண்றாங்க?' யாரும் பதில் போடவில்லை.

அப்போது போன் அடித்தது. முந்தல் தாண்டிவிட்டார்கள் போல. மழையும் ஜீப்பும் சேர்ந்து இரைந்தன. இந்த முறை பேசியது பொன்னுமணி இல்லை.

"சுசி, நான் ராக்கு. போனுல சார்ஜு இல்ல, ஒண்ணும் பாக்க முடியல. எங் கோளுக்கு எம்புட்டுப் பேரு வந்திருக்காக?"

ஏழு என்று சொல்ல வாயெடுத்த சுசித்ரா நிறுத்தினாள். சிவப்புப் புள்ளி பொன்னுமணியின் வாசலை விட்டு நகர்ந்திருந்தது. ஏழு வெள்ளைப் புள்ளிகள் சுற்றி நிற்க, இனிப் பிடுங்க எதுவுமில்லாமல் நடுவில் கருகிக் கிடந்த கோளை நோக்கி அதுவும் மெதுவாக வந்துகொண்டிருந்தது.