டாக்டரம்மா தட்டிப் பார்த்த சுவர்

அக்கா கட்டிடக்கலை படித்து முடித்துக் கட்டிய முதல் வீடு எங்கள் வீடுதான். வேறு யாரும் அவளைக் கட்டவிடவில்லை. மரச்சட்டங்களுக்கு நடுவே வைக்கோல் கட்டுகளை இறுக்கி அடுக்கி, மூங்கில் குச்சிகளைச் செருகி, இருபுறமும் களிமண்ணும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினால் சுவர். ஒரு அடிக்கு மேல் கனம். உள்ளே வர வெயில் மனு போட வேண்டும்.

அப்பா முப்பது வருடம் சிமெண்ட் கிடங்கில் மேற்பார்வையாளர். தெருவில் அவருக்கு சிமெண்ட் சார் என்றே பெயர். மகள் வைக்கோலில் வீடு கட்டுவதை, வீட்டில் யாருக்கோ கெட்ட வியாதி வந்ததைப்போலத் தணிந்த குரலில் சொல்லிவந்தார்.

"மழை பெஞ்சா?"

"கூரையை நல்லா வெளிய இறக்கியிருக்கேன்பா. அடியில ரெண்டடிக்குக் கல்லு."

"தீ பிடிச்சா?"

"இறுக்கிக் கட்டின வைக்கோலுக்குள்ள காத்தே இல்ல. எப்படி எரியும்?"

"மாடு வந்து தின்னா?"

அக்கா எழுந்து போய்விட்டாள். ஜெயித்துவிட்டதாக அப்பா எடுத்துக்கொண்டார்.

இந்த மாதிரி வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கூடத்துச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பூசாமல் விட்டு, கண்ணாடி பொருத்துவார்கள். உள்ளே வைக்கோல் தெரியும். அதற்கு உண்மை ஜன்னல் என்று பெயர். அப்பா அதன்மேல் காலண்டரை மாட்டுவார். அக்கா கழற்றுவாள். அந்த வருடம் எங்கள் வீட்டில் யாருக்கும் தேதி தெரியாது.

இதற்கெல்லாம் முன்பே, கட்டும்போதே, ஒரு காரியம் நடந்திருந்தது. அக்கா ஏதோ பயிற்சிக்காக நான்கு நாள் வெளியூர் போயிருந்தாள். பூச்சு பாக்கியிருந்தது அப்பாவின் படுக்கையறையில் மேற்குச் சுவர் மட்டும்தான். அவர் தலை வைத்துப் படுக்கப்போகும் சுவர். அப்பா கொத்தனாரை வரவழைத்தார். கட்டுகளை உருவிவிட்டு அதே கனத்துக்குச் செங்கல் வைத்து, சிமெண்ட் போட்டுக் கட்டி, மேலே அக்காவின் களிமண்ணையே பூசவைத்தார்.

"என்னங்க, அவ கேட்டா?" என்றாள் அம்மா.

"கேக்கற மாதிரி தெரிஞ்சா நீ பேச்சை மாத்திடு."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதைத்தானே பண்றேன்."

உருவிய கட்டுகளைப் பால்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஆக, சுவரை மாடு தின்னும் என்ற அப்பாவின் வாக்கு பலித்தது.

குடிவந்த பிறகுதான் வினை. வீடு முழுக்க ஜிலுஜிலு. அப்பாவின் சுவர் மட்டும் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, பொழுது சாய்ந்ததும் அவர் தலையில் கக்கியது. பத்தாம் நாள் கட்டிலை விட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டார்.

"ஏம்பா இங்க?"

"முதுகு வலி. தரைதான் நல்லதாம்."

"காபி குடிக்கிறியாடி?" என்றாள் அம்மா.

அப்போதுதான் ஒரு சாயங்காலம் பல் டாக்டரம்மா ஒருவர் வந்தார். கிளினிக்கை வைக்கோலில் கட்டிக்கொள்ள ஆசையாம். இரண்டு வருடத்தில் அக்காவைத் தேடி வந்த ஒரே ஆள். இது கைகூடாவிட்டால் திங்கட்கிழமை முதல் ஒரு பெரிய கம்பெனியில் கார் நிறுத்துமிடங்களுக்குக் கோடு போடும் வேலை அவளுக்குக் காத்திருந்தது.

"மொத்தமும் வைக்கோல்தான் டாக்டர். ஒரு செங்கல்கூடக் கிடையாது," என்றாள் அக்கா. அம்மா இருமினாள்.

டாக்டரம்மா உண்மை ஜன்னலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் நம்புகிற தொழில் இல்லை அவருடையது. விரலை மடக்கி ஒவ்வொரு சுவராகத் தட்டிக்கொண்டே போனார். தொம், தொம், தொம். கடைசியில் அப்பாவின் அறை. டக்.

மறுபடி தட்டினார். டக்.

"இது ஒண்ணு மட்டும் கட்டின பல்லாச்சே," என்றார். "ஏம்மா, ஒரு செங்கல்கூடக் கிடையாதுன்னீங்க?"

அக்காவும் தட்டிப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. தன் வீட்டிலேயே தான் பொய்யாகிப்போனவளின் முகம்.

"டாக்டர், காபி..." என்றாள் அம்மா.

"வேண்டாம். நான் கிளம்பறேன்."

அப்பா வாசலை மறித்து நின்றார். தப்பு என்று ஒன்றை ஒப்புக்கொண்டு பழக்கமில்லாதவர். 

"அவளுக்குத் தெரியாதும்மா. அவ ஊர்ல இல்லாதப்ப நான் வச்ச செங்கல்."

"எதுக்கு?"

"நிம்மதியாத் தூங்கணுமேன்னு."

"தூங்கினீங்களா?"

அப்பா கூடத்தில் சுருட்டியிருந்த பாயைப் பார்த்தார். "ஒரு நாள்கூட இல்ல. அடுப்புல தலை வச்சாப்பல இருக்கு. இவ கட்டின சுவர் பக்கத்துலதான் படுக்கறேன்."

டாக்டரம்மா அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார். கூடத்துச் சுவரில் வைத்தார். எடுக்கவில்லை.

"கிளினிக்கை நீங்களே கட்டுங்க," என்றார் அக்காவிடம். "ஆனா கட்டி முடிக்கிற வரைக்கும் உங்க அப்பா அந்தப் பக்கம் வரக்கூடாது."

அக்கா மூன்று நாள் அப்பாவின் அறைப் பக்கமே வரவில்லை. நான்காம் நாள் உளியோடு வந்தாள். சுவரை இடிக்கப்போகிறாள் என்று அப்பா ஆசையாகக் கட்டிலை நகர்த்திக் கொடுத்தார். அவளோ உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பூச்சைக் கொத்தி எடுத்து, கண்ணாடி பொருத்தினாள். உள்ளே செங்கல்.

"இடிக்கலியா?"

"எதுக்குப்பா? வர்றவங்களுக்குக் காட்ட வேணாமா?"

இப்போது வீடு பார்க்க வருகிறவர்களை அப்பாதான் அழைத்துப்போகிறார். முதலில் கூடத்துச் சுவரில் கை வைக்கச் சொல்கிறார், பிறகு தன் சுவரில். அவர்கள் வெடுக்கென்று கையை எடுத்ததும், அக்காவுக்குக் கேட்காத குரலில் ஒன்று சொல்கிறார்:

"சூடுதான். ஆனா வேலையில ஏதாவது குறை சொல்ல முடியுமா, பாருங்க."