அப்பா பாத்தாரா?

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தியதும் விஷ்ணுப்ரியா கண்ணைத் திறந்து, "மா, ஜெயிச்சோமா?" என்று கேட்டாள்.

தனலெட்சுமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரக்பி மைதானத்தில் மகள் அசைவில்லாமல் கிடந்ததைப் பார்த்து ஓடி வந்தவள் அவள். "ஜெயிச்சிட்டீங்கம்மா. கடைசி ட்ரை நீதான் வெச்ச. அப்பதான் ஒருத்தி முட்டி உன் தலையில பட்டுடுச்சு."

"பொய் சொல்லாத லா!" மகளின் முகம் மலர்ந்தது. கழுத்தில் பட்டை கட்டியிருந்ததால் தலையைத் திருப்ப முடியவில்லை. கண்கள் மட்டும் வண்டிக்குள் தேடின. "அப்பா பாத்தாரா?"

"மேல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருப்பாரு."

"மேலயா? மேல எதுக்குப் போனாரு? எப்பவும் கீழ கயிறுகிட்டதானே நிப்பாரு?"

தனலெட்சுமி மகளையே பார்த்தாள். விளையாட்டாகக் கேட்கிற முகமில்லை. அவள் கணவர் பரமேஸ்வரன் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் தெலுக் பங்லிமா காராங்கில், ஒரு தொழிற்சாலை வாசலில் லோரியை நிறுத்திவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். ஒரே பிள்ளை என்பதால் கொள்ளி வைத்ததே இவள்தான்.

"என்னடி பேசுற? அப்பாதான் போயிட்டாரே," வாய் தவறி வந்துவிட்டது.

விஷ்ணுப்ரியாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் அவள் போட்ட சத்தத்தில் வண்டி ஓட்டியவரே திரும்பிப் பார்த்தார். அன்றைக்குப் போன் வந்தபோது கிள்ளான் வீட்டுக் கூடத்தில் கேட்ட அதே அலறல். உதவியாளர் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். தனலெட்சுமியால் வாயைப் பொத்திக்கொள்ள மட்டுமே முடிந்தது. ஆஸ்பத்திரி வாசலை நெருங்கும்போது அழுகை தானாக அடங்கியது. கன்னத்து ஈரம்கூடக் காயாமல், மகள் ஆசையோடு கேட்டாள்: "மா, ஜெயிச்சோமா?"

தலைக்குள் ரத்தக்கசிவு இல்லை என்றார் டாக்டர். அடிபட்ட அதிர்ச்சியில் சில மாத ஞாபகம் மறைந்திருக்கிறது, பெரும்பாலும் சில மணி நேரத்தில் திரும்பிவிடும், அதுவரை கலங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அணித் தலைவி ஆயிஷா சேறு காயாத ஜெர்சியோடு ஓடி வந்தாள். "நடந்தத நெனச்சா எனக்கே இன்னும் கைய கிள்ளிப் பாக்கணும் போல இருக்கு ஆன்டி. அந்த டீம நாம ஜெயிச்சதே கெடையாது. ஒரு தடவகூட."

அது தனலெட்சுமிக்கும் தெரியும். பந்தாட்டத்தைப் பார்க்க அவள் வந்தது இதுதான் முதல் தடவை. ஆனால் தேசியப் பெண்கள் அணியின் கதை முழுவதையும் சமையலறையில் நின்றபடியே கேட்டிருக்கிறாள். பரமேஸ்வரன் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆண்கள் அணியின் பழைய ஜெர்சியை முட்டிவரை தொங்கவிட்டு ஆடிய முதல் வருடம். வெளிநாட்டில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் திரும்பிய முதல் பயணம். யாரோ ஒருத்தி கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தி முதல் ட்ரை வைத்தபோது, தோற்ற ஆட்டத்துக்கே ஏழு பேரும் கட்டிப்பிடித்து அழுதது. பிறகு ஒரு வெண்கலம். அந்தப் பதக்கத்தை மகள் கழுத்திலிருந்து வாங்கி மாட்டிக்கொண்டுதான் அவர் அன்று இரவு தூங்கினார். 'ஏழு பேர், பதினாலு நிமிஷம், அதுக்குள்ள என்ன வேணா நடக்கும் தனம்' என்பார். அவள் பாதிக்கு மேல் காதில் வாங்கியதில்லை. பெண்பிள்ளையை இப்படித் தள்ளி உருட்டுகிற ஆட்டத்துக்கு விட்டாரே என்ற கோபம் அவளுக்கு.

"ஆன்டி," ஆயிஷா தயங்கினாள், "அங்கிள் வெளிய இருக்காருன்னு சொல்லிடுங்களேன். ஒவ்வொரு தடவையும் புதுசா அழ வெக்கிறதுக்கு இது தேவல."

இந்த வாயால் எப்படிச் சொல்வது என்று அவள் திகைத்து நிற்கும்போதே கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ஜெயிச்சோமா? அப்பா பாத்தாரா?"

"பாத்தாரு. காடி பார்க் பண்ணிட்டு வராரு."

"இங்க பார்க்கிங்கே கெடைக்காதே, பாவம்," என்று மகள் சிரித்தாள்.

அடுத்த தடவை தனலெட்சுமி, அப்பா கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டதாகச் சொன்னாள். அதற்கடுத்த தடவை அவர் கால் சப்பாத்தைத் தொலைத்துவிட்டுக் கயிற்றைத் தாண்டி ஓடியதாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது சுலபமாகியது. வார்டு கதவு திறக்கும்போதெல்லாம் தான் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வெயில் தாழ்ந்தது. ஆயிஷா டீ வாங்கப் போயிருந்தாள். மகள் ஒரு தூக்கம் போட்டு எழுந்தாள்.

"மா. ஜெயிச்சோமா?"

"ஜெயிச்சிட்டீங்கம்மா."

தனலெட்சுமி காத்திருந்தாள். பதில் நாக்கிலேயே இருந்தது. விஷ்ணுப்ரியா அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவள் அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை.

இவ்வளவு நேரமும் கீழே எங்கோ காடிக்கு இடம் தேடிக்கொண்டிருந்தவர் இல்லாமல் போனார். தனலெட்சுமி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பாத்தியாமா?"

"ம்?"

"நீ. நான் ட்ரை வெச்சத."

"பாத்தேன்."

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. சொல்லேன்."

அந்த ஆட்டத்தின் வார்த்தைகள் எதுவும் அவளிடம் இல்லை. போர்வையின் சுருக்கங்களை உள்ளங்கையால் நீவிச் சமப்படுத்தினாள். ஓரத்தில் ஆள்காட்டி விரலை ஊன்றி, "இங்க நின்னுக்கிட்டு இருந்த," என்றாள். பிறகு விரல் ஓட ஆரம்பித்தது. ஒரு பக்கம் வளைந்து, யாரையோ ஏமாற்றி, மறுபக்கம் திரும்பி, மகளின் முட்டி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.