குளத்துக்குள் பதினாறு கால்கள்

ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சுவிஸ் ஏரிக்கரைகளில் ஆட்கள் சேற்றுக்குள் மரக்கால் நட்டு, அதன்மேல் தளம் போட்டு, வீடு கட்டி வாழ்ந்தார்கள். ஆணி இல்லை, இரும்பு இல்லை, சீமெந்து இல்லை. கல்லுக்கோடரி, மரம், மரப்பட்டை நாரில் முறுக்கிய கயிறு, அவ்வளவுதான். இதை வாசித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மொன்றியலில் தொல்லியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்படியொன்றை நானே கட்டிக் காட்டுகிறேன் என்று வகுப்பில் எழுந்து சொல்லிவிட்டேன்.

பேராசிரியை சிரிக்கவில்லை. பத்துப் பேர் ஒரு மணி நேரம் அதன்மேல் நிற்க வேண்டும், செப்டெம்பர் கடைசிச் சனிக்கிழமை வந்து பார்ப்பேன் என்றார். நின்றால் அடுத்த கோடையில் சுவிஸில் அவர் நடத்தும் ஏரி அகழாய்வுக் குழுவில் எனக்கு இடம். இருந்ததே ஓரிடம்தான். அதற்கு எட்டுப் பேர் போட்டி.

கட்ட இடம் தந்தது என் சிநேகிதி மெலனியின் அப்பா வலன்ரைன் அங்கிள். மன்னார்க்காரர். மொன்றியலை ஒட்டிய இல்-பிசார் தீவில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் முழங்கால் ஆழத்தில் ஒரு சேற்றுக்குளம் இருக்கிறது.

"கட்டுங்கோ பிள்ளையள். தவளைக்கு மட்டும் ஒண்டும் நடக்கக்கூடாது" என்றார்.

கால் நடச் சுத்தியல் தேவையில்லை. மரத்தில் குறுக்குத்தடி கட்டி, இரண்டு பேர் இடமும் வலமுமாகத் திருகத் திருக, அது தானாகச் சேற்றுக்குள் இறங்கும். இறங்கியது. பிரச்சினை என்னவென்றால், நிற்கவில்லை. லவாலிலிருந்து மெட்ரோவும் பஸ்ஸும் மாறி வருகிற என் நண்பன் லக்ஷன் பொறியியல் படிக்கிறான். நட்ட காலொன்றின் உச்சியில் அவனை ஏறி இருக்கச் சொன்னோம். அவன் மெதுவாகக் கீழே போனான், லிப்டில் போவதுபோல.

"நிரோஜா, உன்ர வீடு பாதாளத்துக்குப் போகுதடி."

"வாயை மூடிக்கொண்டு இறங்கு."

"அடியில நாலு சீமெந்துக்கல்லு வைப்பம். ஆர் பாக்கப்போகினம்?"

"நான் பாப்பன்."

அந்தத் தீவில் பஸ் எப்போதாவதுதான் வரும். அன்று வீட்டுக்குப் போகத் தரிப்பிடத்தில் குந்தியிருந்து, அழுகை வராமலிருக்க அந்தச் சுவிஸ் ஏரிகளின் அகழாய்வு அறிக்கையை மறுபடி புரட்டினேன். நடுவில் ஓட்டை போட்ட தடித்த பலகையொன்றின் படம். பக்கத்தில் என் கையெழுத்திலேயே 'கதவாக இருக்கலாம்' என்று எழுதி வைத்திருந்தேன். என்ன கதவு! இரண்டு பக்கம் தள்ளி இன்னொரு படம்: அதே பலகை, ஓட்டைக்குள் வீட்டுக்கால் செருகியபடி, ஏரியின் அடியில் படுத்துக் கிடந்தது. இதை நான் மூன்று தடவை தாண்டிப் போயிருக்கிறேன்.

எழும்பித் திரும்பி ஓடினேன். எதிரே பஸ் என்னைக் கடந்து போனது.

"சப்பாத்து!" என்று கத்திக்கொண்டே மெலனி வீட்டு வளவுக்குள் நுழைந்தேன். "காலுக்குச் சப்பாத்துப் போட்டிருக்கினம்!"

"ஆருக்கு?" என்றான் லக்ஷன்.

மெலனிதான் முதலில் பிடித்தாள். "பொறு பொறு. பனியில புதையாமல் நடக்க அகலச் சப்பாத்துக் கட்டுறம். அதுபோலயோ?"

"ஓமடி, அதேதான்!"

பதினாறு பலகைகளில் ஓட்டை போட்டோம். காலைப் பலகைக்குள் விட்டு, பலகைக்கு மேலே காலில் ஒரு மரமுளையைக் குறுக்கே அறைந்தோம். கால் இறங்கியது. முளை பலகையில் முட்டியது. பலகை சேற்றில் பரந்து படுத்தது. லக்ஷன் ஏறி இருந்தான், எழும்பி நின்றான், துள்ளியும் பார்த்தான். கால் அசையவில்லை. அவன் இறங்கிப்போய் அடுத்த பலகையை எடுத்தான்.

ஐந்து கிழமையில் தளமும் அரைச்சுவரும் நடுவில் களிமண் அடுப்பும் முடிந்தன. அந்தக் காலத்து ஆட்களும் மரத்தளத்தின் மேல் களிமண் பூசித்தான் நெருப்பு மூட்டினார்கள். அடுப்பு என்ற சொல்லை அம்மாவுக்கு முன்னால் சொன்னதுதான் நான் விட்ட பிழை.

"அடுப்போட வீடு. பால் காய்ச்சாமல் ஏறுறதோ?"

"அம்மா, அது பரீட்சை!"

"பரீட்சை எண்டாலும் வீடு வீடுதான்."

அம்மா பத்துப் பேருக்கு மட்டும்தான் போன் பண்ணினாராம். சனிக்கிழமை காலை அந்தத் தெருவில் கார் விட இடமில்லை. கர்க்லாண்டிலிருந்து மூன்று குடும்பம். லவாலிலிருந்து, பொரித்த மீன் றோல்ஸ் அடுக்கிய தட்டுகளோடு ஐந்து குடும்பம். பேராசிரியை ஒழுங்காகப் பத்து மாணவர்களை எண்ணி மேலே ஏற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். அடுப்பில் பானை சூடேறியது. உடனே சனமும் கரையிலிருந்து தளத்துக்குப் போட்டிருந்த மரப்பாலத்தில் ஏறத் தொடங்கியது.

"பத்துப் பேர்தான்! தயவுசெய்து ஏறாதேங்கோ!" என்று கத்தினேன்.

"பால் பொங்கேக்க கரையில நிண்டு என்னத்தைப் பிள்ளை பாக்கிறது? தள்ளு."

இருபது. இருபத்தெட்டு. கயிறுகள் முனகின. நான் குளத்துக்குள் குதித்தேன். லக்ஷன் ஏற்கெனவே தளத்துக்கு அடியில் நின்று, கால்களில் தண்ணீர் மட்டத்துக்குக் கரியால் கீறிய கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு தாழ்ந்திட்டுது?"

"ஒரு விரல்... ஒண்டரை..."

எல்லாரையும் இறங்கச் சொல்லட்டுமா என்று பேராசிரியை கரையிலிருந்து பிரெஞ்சில் கேட்டார். தண்ணீர் முழங்கால் மட்டும்தான். விழுந்தாலும் சேலை நனையும், அவ்வளவுதான். ஆனால் விழுந்தால் ஏரியும் போச்சு, இடமும் போச்சு. லக்ஷனைப் பார்த்தேன். அவன் கோட்டைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னான்:

"நிண்டிட்டுதடி. எல்லாக் காலும் நிண்டிட்டுது."

"வேண்டாம்! நிக்கட்டும்!" என்று கரைக்குப் பிரெஞ்சிலேயே கத்தினேன்.

நாற்பத்தொரு பேர். மேலே பால் பொங்கியது. யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். பொங்கினால் இறங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். எங்கே? றோல்ஸ் தட்டுகள் மேலே போயின. அங்கிளுக்குக் கதிரையும் போனது. ஒரு மணி நேரமென்ன, ஒன்றேமுக்கால் மணி நேரம் அந்தச் சனம் அங்கேயே நின்று கதைத்துச் சிரித்தது. நான் இடுப்பளவு சேறு பூசியபடி மூலைக்காலில் கை வைத்திருந்தேன். சிரிப்பு ஒவ்வொன்றும் மரம் வழியே இறங்கி என் உள்ளங்கையில் அதிர்ந்தது. நான் கட்டிய வீடு. நாங்கள் கட்டிய வீடு.

பேராசிரியை குறிப்பேட்டை மூடிவிட்டுக் கரையோரம் குனிந்தார். என் கடவுச்சீட்டு எப்போது முடிகிறது என்று கேட்டார்.

"இன்னும் மூண்டு வருசம் இருக்கு!" என்று கத்தினேன், அவருக்குத் தமிழ் தெரியாது என்பதையே மறந்து.